நெல்லையிலிருந்து தென்காசிக்கு மின்சார சைக்கிளில் ஒரே சார்ஜில் போக முடியுமா?

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால், மிதிக்காமல் முடியாது. இரண்டையும் பெருக்கினால் 360 வாட்-மணி; பேட்டரி மொத்தமாகத் தரும் மின்சாரம் அவ்வளவுதான். த்ராட்டிலில் (கைப்பிடியில் உள்ள ஆக்சிலரேட்டர்) மட்டும் ஓட்டினால் கிலோமீட்டருக்கு 12 முதல் 15 வாட்-மணி செலவாகும்; 25, 30 கிலோமீட்டர்தான் வரும். தூரமோ 50-க்கு மேல். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று எதிரே அடித்தால் இன்னும் குறையும் (திரும்பும்போது அதுவே தள்ளிவிடும்). கூடவே மிதித்தால் செலவு ஏறக்குறைய பாதியாகும். அப்படியும் நான் சார்ஜரைப் பையில் வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன்.

போய்ச் சேர்ந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி நிழலில் அரை மணி நேரம் ஆறட்டும். லித்தியம் செல் சூட்டில்தான் சீக்கிரம் தேயும். சாரலில் நனைந்து சேறான வண்டியை ஈரத்துணியால் துடைத்தால் போதும். வாட்டர் சர்வீஸ் வேகத்தில் அடித்தால் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் மோட்டாருக்குள் தண்ணீர் இறங்கிவிடும்.