ஸ்கேனில் கட்டி என்றால் புற்றுநோய்தானா?

வணக்கம் அக்கா. பத்து வயசுப் பெண் பீகிள் நாய், ஆன்டிபயாடிக் கொடுத்தும் ஆத்தங்குடிக் கல் தரையில் சிவப்பாய் ஒண்ணுக்குப் போகிறது, காரைக்குடி ஸ்கேனில் ‘சிறுநீர்ப்பையில் கட்டி, புற்றுநோய் சந்தேகம்’ என்று வந்திருக்கிறது. அதை மட்டும் நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்கேன் கட்டியைக் காட்டும், அது என்ன கட்டி என்று அறுதியிட்டுச் சொல்லாது. நாள்பட்ட அழற்சியில் வளரும் சதையும் திரையில் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் தெரியும். உறைந்த ரத்தமென்றால் நாயைத் திருப்பிப் படுக்க வைக்கையில் பெரும்பாலும் இடம் மாறும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்தால் அதற்குள் ஓட்டம் இருக்காது. ரிப்போர்ட்டில் கட்டி எந்த இடத்தில் என்று பாருங்கள். பையின் கழுத்துப் பக்கம், ‘ட்ரைகோன்’ என்று போட்டிருந்தால் சந்தேகம் கூடும். பீகிளுக்கு இந்த நோய் மற்ற பல இனங்களைவிட அதிகம் வருவதும் உண்மைதான். சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, இடுப்புப் பக்க நிணநீர்க் கணுக்கள் பெருத்திருக்கின்றனவா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

மறு ஸ்கேனுக்குப் பை நிறைந்திருக்க வேண்டும். காலிப் பையின் சுவர் சுருங்கி, தடித்த மாதிரி தெரிந்து ஏமாற்றும். வண்டியை விட்டு இறக்கியதும் மரத்தடிக்கு விடாமல் நேரே உள்ளே கூட்டிப் போங்கள்.

வயிற்றில் ஊசி குத்தி மாதிரி எடுக்கலாம் என்றால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஊசி போன தடத்தில் புற்றுசெல் பரவ வாய்ப்புண்டு. தானாகப் போகும்போது பிடித்த சிறுநீரிலேயே, இந்தப் புற்றுநோயில் காணப்படும் ‘பிராஃப்’ மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கலாம். பாசிட்டிவ் என்றால் ஏறக்குறைய உறுதி, நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று ஆகாது. சிறுநீர் வரும் வழியில் குழாய் விட்டுத் திசு எடுக்கவும் முடியும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் ரிப்போர்ட்டைக் காட்டி இதையெல்லாம் கேளுங்கள்.

முக்கியும் சிறுநீர் வரவே இல்லை என்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே டாக்டரிடம் தூக்கிப் போங்கள்.