வீட்டுக்கு இரட்டை பிராசசர் கம்ப்யூட்டர்: செலவும் பலனும் – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 14 கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் 14 பகுதி உள்ள, இன்டெலின் பழைய சர்வர் பிராசசர் ஜியான் இ5-2680 வி4 இரண்டு வாங்கினால் 28 கோர் வந்துவிடுகிறது. புது 16 கோர் பிராசசர் ஒன்றின் விலையில் அது ஒரு சின்னப் பங்குதான். பிறகு ஏன் எல்லாரும் இதையே வாங்குவதில்லை?

பிராசசர் மலிவுதான் தம்பி. டேட்டா சென்டர்கள் பழைய சர்வர்களை மொத்தமாகக் கழிக்கும்போது சில்லு சந்தையில் வந்து குவிகிறது. ஆனால் அந்த சர்வர்களின் மதர்போர்டு அதே பெட்டிக்கென்று வெட்டியது. வீட்டு கேபினெட்டில் உட்காராது, பவர் இணைப்பும் வேறு மாதிரி இருக்கும். சாதாரண எஸ்.எம்.பி.எஸ். பவர் சப்ளையோடு ஓடும், பிராசசர் செருகும் சாக்கெட் இரண்டு உள்ள போர்டுகள் குறைவு. அதனால் பிராசசர் விலை விழுந்த அளவுக்குப் போர்டு விலை விழுவதில்லை.

மீதிச் செலவையும் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு பிராசசருக்கும் நான்கு மெமரி சேனல், அதாவது ராமுக்குப் போகும் பாதை. இரண்டுக்கும் முழுசாகப் போட 8 ராம் வேண்டும். கூலர் இரண்டு. 8 பின் சிபியு கேபிள் இரண்டு உள்ள பவர் சப்ளை. இந்த போர்டுகள் பெரும்பாலும் 12 க்கு 13 அங்குலம். சாதாரண ஏடிஎக்ஸ் 12 க்கு 9.6 தான். கேபினெட்டும் மாறும். முதலில் போர்டைத் தேடுங்கள். அது கிடைத்த பிறகு பிராசசரை யோசிக்கலாம்.

கேள்வி: கோர் இரட்டிப்பானால் வேகமும் இரட்டிப்பாகும்தானே?

ஆகாது. ஒரு வேலையில் 90 சதவீதத்தைப் பிரித்துச் செய்யலாம், 10 சதவீதம் வரிசையாகத்தான் நடக்கும் என்று வையுங்கள். 16 கோரில் அது ஒரு கோரைப் போல 6.4 மடங்கு வேகம். 32 கோர் ஆக்கினால் 7.8 மடங்கு. கோர் இரட்டிப்பு, கிடைத்த லாபம் ஐந்தில் ஒரு பங்குதான். 1967 இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதத்திலிருந்து பிறந்த கணக்கு இது.

இன்னொன்று, இ5-2680 வி4 இன் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், தற்காலிகமாக வேகம் கூட்டும் டர்போவில் 3.3. புதிய பிராசசர்கள் 5-ஐத் தாண்டுகின்றன. ஒவ்வொரு கிளாக்கிலும் அதிக வேலையும் செய்கின்றன. பிரவுசர், ஆஃபீஸ், போட்டோ எடிட்டிங் எல்லாவற்றிலும் நீங்கள் உணர்வது ஒற்றைக் கோர் வேகத்தைத்தான்.

கேள்வி: கேம்?

வேண்டாம். அந்தப் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே கட்டிவிட்டேன் சார். 20 கோர் கொடுத்து ஒரு விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) ஓட்டினால், 12 கோர் கொடுத்ததைவிட மெதுவாகப் போகிறது. போர்டு கோளாறா?

போர்டு நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் சந்தித்திருப்பது நூமா. ஒவ்வொரு பிராசசருக்கும் அதனதன் ராம் தனி. பக்கத்து பிராசசரின் ராமில் உள்ள தரவு வேண்டுமென்றால், இரண்டுக்கும் நடுவிலுள்ள கியூபிஐ இணைப்பைக் கடந்து போய்வர வேண்டும். அதில் தாமதமும் அதிகம், அகலமும் குறைவு. 12 கோர் மெஷின் ஒரே பிராசசரின் 14 கோருக்குள் அடங்கிவிடும். 20 கோர் மெஷின் இரண்டிலும் பரவியே ஆக வேண்டும்.

லினக்ஸில் நியூமாசிடிஎல் கட்டளையை ஹார்டுவேர் என்ற ஆப்ஷனோடு (numactl --hardware) ஓட்டிப் பாருங்கள். கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வரும். தன் ராமுக்கு 10, அடுத்தவர் ராமுக்கு 21 என்பது போல இருக்கும். நேரடியாக அளந்த எண் இல்லை, போர்டில் உள்ள பயாஸ் மென்பொருள் சொல்லும் ஒப்பீடு. ஆனால் இரண்டும் சமமில்லை என்பது கண்ணெதிரே தெரியும். அதே பட்டியலில் ஒவ்வொரு நோடுக்கும் (ஒரு பிராசசரும் அதன் ராமும் சேர்ந்தது) எவ்வளவு ராம் என்று பாருங்கள். ஒன்றில் 64 ஜிபி, மற்றதில் பூஜ்யம் என்றால், எல்லா ராமையும் ஒரே பிராசசர் பக்கம் செருகிவிட்டீர்கள். பாதியைக் கழற்றி அந்தப் பக்கம் மாற்றுங்கள்.

பிறகு அந்த மெஷினை ஒரே நோடின் கோர்களிலும் ராமிலும் கட்டிப்போடுங்கள். 20 கோர் கட்டாயம் வேண்டுமென்றால், நூமா அமைப்பை மெஷினுக்குள்ளும் தெரியும்படி வையுங்கள். உள்ளே ஓடும் இயங்குதளம் தானே பிரித்துக்கொள்ளும்.

கேள்வி: இப்போதைக்கு ஒரு பிராசசர் போட்டு, அடுத்த வருடம் இன்னொன்று வாங்கலாமா?

தாராளமாக. முதல் சாக்கெட்டில் போட்டால் ஓடும். ஆனால் இரண்டாவது பிராசசரோடு இணைந்த ராம் ஸ்லாட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும் அதுவரை வேலை செய்யாது. கிராபிக்ஸ் கார்டை எந்த ஸ்லாட்டில் செருகுவது என்று மேனுவலைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள். இ5-2650 என்பதில் கோட்டுக்குப் பின் வரும் முதல் இலக்கம் 2. இரண்டு சாக்கெட்டுக்கு உரியது. இ5-1650 ஒற்றை சாக்கெட்டுக்கு மட்டும். அதில் இரண்டை வைத்து ஜோடி ஓட்ட முடியாது. ஏஎம்டியின் சர்வர் பிராசசரான எபிக்கில் பெயரின் கடைசியில் ‘பி’ என்று இருந்தால் அதுவும் ஒற்றையாகத்தான் ஓடும்.

கேள்வி: ஜியான் இ5 இன் வி2 தலைமுறை இன்னும் மலிவாக இருக்கிறதே?

வி2 வரை பழைய டிடிஆர்3 ராம், பல எண்களை ஒரே நேரத்தில் கணக்கிடும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகளும் கிடையாது. வீடியோ என்கோடிங் செய்பவருக்கு அது பெரிய இழப்பு. வி3, வி4 எடுங்கள்.

கேள்வி: கரன்ட் செலவு எவ்வளவு கூடும் ஐயா? 24 மணி நேரமும் ஓடவிடுவதாக எண்ணம்.

எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. 100 வாட் நிற்காமல் ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், 30 நாள் மாதத்துக்கு 72, வருடத்துக்கு 876 யூனிட். இரட்டை ஜியான் மெஷின் எந்த வேலையும் இல்லாமல் இருக்கும்போதே 100 வாட் பக்கம் இழுப்பது சாதாரணம். முழு வேலையில் இரண்டு பிராசசர் மட்டும் 240 வாட். ராம், விசிறி, டிஸ்க் எல்லாம் அதற்கு மேல். உங்கள் யூனிட் கட்டணத்தால் பெருக்கி மூன்று வருடத்துக்குப் பாருங்கள். பல வீடுகளில் அந்தத் தொகை பிராசசர் விலையைத் தாண்டிவிடும். யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான். வாரத்தில் சில மணி நேரம் மட்டும் ரெண்டர் செய்பவருக்கு இந்தக் கவலை இல்லை. வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம்.

கேள்வி: விண்டோஸ் ஹோம் போதுமா?

போதாது, அது ஒரு சாக்கெட்டை மட்டும் பயன்படுத்தும். இரண்டுக்கு ப்ரோ வேண்டும். விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் வி3, வி4 ஜியான்கள் இல்லை. என் பரிந்துரை லினக்ஸ்.

கேள்வி: அந்தக் காலத்தில் மட்டும் ஆர்வலர்கள் ஏன் இதன் பின்னால் அலைந்தார்கள்?

அப்போது அதற்கு மாற்று கிடையாது. 1999 இல் அபிட் பிபி6 வந்தது. இன்டெலின் மலிவு பிராசசரான செலரானை ஜோடியாகப் போட்டு ஓட்டிய போர்டு. இன்டெல் செலரானை ஜோடிக்கென்று விற்கவே இல்லை. பிராசசரை போர்டோடு இணைக்கும் பஸ்ஸின் வேகத்தை 66 இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் 366 மெகாஹெர்ட்ஸ் செலரான் 550 ஆகும். விண்டோஸ் 98 க்கு ஒரு பிராசசர்தான் தெரியும் என்பதால், அதற்காகவே விண்டோஸ் என்டி, விண்டோஸ் 2000, லினக்ஸ், பீஓஎஸ் (BeOS) என்று பலரும் மாறினார்கள். ஒரு புரோகிராம் பிராசசரை மொத்தமாகப் பிடித்துக்கொண்டாலும் மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒற்றை பிராசசரில் பழகியவர்களுக்கு அது தனிச் சுகம். 2005 இல் பென்டியம் டி, அத்லான் 64 எக்ஸ்2 வந்து அந்தச் சுகத்தை ஒரே சில்லில் கொடுத்துவிட்டன.

கேள்வி: அப்படியென்றால் இன்றைக்கு யார் வாங்கலாம்?

நிறைய ராமும் நிறைய ஸ்லாட்டும் வேண்டியவர்கள். 16 ராம் ஸ்லாட் உள்ள போர்டில் 32 ஜிபி வீதம் போட்டால் 512 ஜிபி. பிராசசருக்கு 40 வீதம் 80 பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன், அதாவது கார்டுகளுக்கான தரவுப் பாதை. பத்துப் பதினைந்து சின்ன விர்ச்சுவல் மெஷின் வைத்து நெட்வொர்க் படிப்பவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு நோடுக்குள் அடங்கும், நூமா தொல்லையும் வராது. வெறும் வேகம்தான் வேண்டுமென்றால் புது ஒற்றை பிராசசர் வாங்குங்கள்.

கேள்வி: பழைய போர்டு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

சாக்கெட்டின் பின்களை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எல்லாப் பின்னும் ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஒன்று இருட்டாகவோ திரும்பியோ தெரிந்தால் அது வளைந்திருக்கிறது; சில நேரம் ஒரு ராம் சேனலே போய்விடும். பின்களின் படம் அனுப்பாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். கூலர் துளைகளும் முக்கியம். சதுர அமைப்பு 80 க்கு 80 மில்லிமீட்டர், குறுகியது 56 க்கு 94. ஒன்றுக்கு உரிய கூலர் மற்றதில் பொருந்தாது. அளந்த பிறகு ஆர்டர் போடுங்கள்.