ஆல்ப்ஸ் மலையில் நடக்கவும் வேண்டும், நல்ல படமும் எடுக்க வேண்டும். முதல்முறை போகிறவருக்கு எந்தப் பாதை சரி?

பலரும் உடனே சொல்வது மோன் பிளாங் மலையைச் சுற்றி வரும் பாதை. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகள், சுமார் 170 கிலோமீட்டர். நடப்பதுதான் ஆசை என்றால் தாராளமாகப் போங்கள். படம்தான் முக்கியம் என்றால் வேண்டாம் என்பேன். இருட்டுவதற்குள் அடுத்த விடுதிக்குப் போயாக வேண்டும் என்ற ஓட்டத்தில், நல்ல வெளிச்சம் வரும் நேரத்தில் நீங்கள் சாப்பாட்டு மேசையில் இருப்பீர்கள்.

என் ஓட்டு பிரான்ஸில் உள்ள சாமோனி பள்ளத்தாக்குக்கு. அங்கேயும் மோன் பிளாங் பக்கம் ஏறாமல், அதற்கு எதிரே இருக்கும் எகுய் ரூஜ் மலைத்தொடரில் ஏறுங்கள். மலைமேலேயே நின்றுகொண்டால் மலை எப்படித் தெரியும்? லே பிராஸ் ஊரிலிருந்து கேபிள் காரில் ஃபிளெஜேர் வரை போய்விடலாம். அப்புறம் இரண்டு மணி நேர ஏற்றம். 2,352 மீட்டர் உயரத்தில் லாக் பிளாங் ஏரி. காற்று அடங்கியிருந்தால் எதிரே உள்ள பனிச் சிகரங்கள் அத்தனையும் தண்ணீரில் தெரியும்.

அந்தச் சிகரங்கள் ஏரிக்குத் தெற்கிலும் கிழக்கிலும் இருக்கின்றன. அதனால் காலையில் சூரியன் அவற்றுக்குப் பின்னால் நிற்கும், படம் வெளிறிவிடும். சாயங்கால வெயில்தான் பாறையிலும் பனியிலும் பட்டுச் சிவக்கும். பகலில் வந்த கூட்டமோ கடைசி கேபிள் காரைப் பிடிக்க அதற்கு முன்பே இறங்கிவிடும். ஆகவே ஏரிக்கரையில் உள்ள மலைவிடுதியில் ஒரு ராத்திரி தங்குங்கள். சில மாதங்கள் முன்பே பதிவு செய்ய வேண்டும். சைவம் என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள், அங்கே எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதான். பக்கத்துப் படுக்கைக் குறட்டைக்குக் காதடைப்பான் அவசியம்!

ஜூன் மாதம் போனால் ஏரி உறைந்தே கிடக்கலாம். ஜூலை பின்பாதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நல்லது. கோடையில் பிற்பகல் இடிமழை சகஜம், மேகம் திரண்டால் முகட்டில் நிற்காதீர்கள்.

லென்ஸ் ஒன்று போதும், 24-105 மி.மீ. ஜூம் மாதிரி. ஐபெக்ஸ் காட்டாடுகள் பல நேரம் பாதையோரமே மேய்வதால் தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் பெரிய டெலி லென்ஸைச் சுமக்க வேண்டியதில்லை. பனி அதிகமுள்ள காட்சியைக் கேமரா சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை, அதாவது கேமரா உள்ளே விடும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (இரு மடங்காக) கூட்டிக்கொள்ளுங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், ஏரி இருக்கும் இடம் இயற்கைக் காப்பகம், பறக்கவிட அனுமதி இல்லை.