மூட்டையில் 24 சதவீத டைட்டானியம் இருக்க முடியுமா?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் அலுமினியம் வார்க்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கிறோம். நானும் தம்பியும் மட்டும்தான் வேலை செய்கிறோம், இதுதான் பிழைப்பு. வார்ப்பு நெருக்கமாக வரும் என்று சொல்லி 25 கிலோ பொட்டாசியம் டைட்டானியம் ஃபுளோரைடு மூட்டை ஒன்றை விற்றார்கள். பில்லில் 'டைட்டானியம் 24%' என்று இருக்கிறது. பிரித்தால் கட்டி கட்டியாக இருக்கிறது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். என்ன வழி?

பதில்: அந்தப் பில்லைப் பத்திரமாக வையுங்கள், உங்கள் பலமே அதுதான். இந்த உப்பில் அணு எண்ணிக்கைக் கணக்கில் இரண்டு பங்கு பொட்டாசியம், ஒரு பங்கு டைட்டானியம், ஆறு பங்கு ஃபுளோரின். எடைக்கணக்கில் பார்த்தால், எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் டைட்டானியம் 20 சதவீதத்தைத் தொடாது. 24 என்றால் வேறு ஏதோ கலந்திருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணே பொய். எப்படியிருந்தாலும் சொன்ன பொருளும் கொடுத்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம்.

மூட்டையின் லேபிள், லாட் எண் எல்லாவற்றையும் படம் எடுங்கள். அந்த லாட்டின் பரிசோதனைச் சான்றிதழை எழுத்தில் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒரு மாதிரி கொடுத்துச் சோதியுங்கள். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் புகார் செல்லாது என்று கடைக்காரர் வாதிடலாம். ஆனால் சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியதற்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருகிறது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, புகார் செய்யக் கெடு 2 ஆண்டு.

பணத்தைவிட எனக்குக் கவலை அந்தக் கட்டிகள்தான். கட்டி என்றால் ஈரம் பட்டிருக்கலாம். ஈரம் பட்ட உப்பை உருகிய அலுமினியத்தில் போட்டால் உலோகம் தெறிக்கும், வார்ப்பில் வாயு ஏறி ஊசித்துளை விழும். "கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்" என்று தயவுசெய்து இறங்காதீர்கள். ஆசிட் பாட்டில் பக்கத்திலும் வைக்காதீர்கள். அமிலம் பட்டால் கொடிய ஹைட்ரஜன் ஃபுளோரைடு கிளம்பும்.

அப்புறம், உங்கள் அளவுப் பட்டறைக்கு இந்த உப்பே தேவையில்லை. இதையும் பொட்டாசியம் ஃபுளோபோரேட்டையும் உருகிய அலுமினியத்தில் சேர்த்து, 5 சதவீத டைட்டானியமும் 1 சதவீத போரானும் உள்ள ராடாகவே விற்கிறார்கள். எடை பார்த்து வெட்டிப் போட்டுக் கிளறினால் போதும். புகையும் கசடும் பெரும்பாலும் அதைத் தயாரித்த ஆலையிலேயே முடிந்துவிடும். கிலோ விலையைக் கேட்டுத் தயங்காமல் அதையே வாங்குங்கள், லாட் சான்றிதழோடு.