எத்தனை ஆள் எடை, எத்தனை ஆரஞ்சு சைஸ்?

கேள்வி: செடி வளர்க்கிற நாங்க நாலஞ்சு பேர் கூடினாலே டைட்டன் ஆரம்ங்கிற, அழுகின வாடையோட ராட்சசப் பூங்கொத்து விடுற செடியோட கிழங்கு பேச்சுதான் சார். ஒருத்தர் "மூணு ஆள் வெயிட்"ங்கிறார், இன்னொருத்தர் "ரெண்டு வாஷிங் மெஷின்"ங்கிறார், கிலோல சொன்னா எவனும் மதிக்கிறதில்ல. இதுக்கு சரியான அளவுதான் என்ன?

பதில்: ஆள் கணக்கைக் கிண்டல் பண்ணாதீங்க, அதுக்குத்தான் சீனியாரிட்டி ஜாஸ்தி! 1878ல இந்தோனேசியாவோட சுமத்ரா தீவுல இந்தச் செடியைப் பார்த்து வெளியுலகத்துக்குச் சொன்ன இத்தாலிக்காரர் ஒடோவார்டோ பெக்காரியே, கிழங்கு சுற்றளவு 1.4 மீட்டர், ரெண்டு பேர் சேர்ந்து தூக்குறதே பெரும்பாடுங்கிற மாதிரிதான் எழுதி வெச்சிருக்கார். ஆனா எந்த ரெண்டு பேருங்கிறதுல இருக்கு விஷயம், ஜிம்முக்குப் போறவனா இல்ல முதுகுவலிக்காரனா?

அடுத்து ஆரஞ்சு கணக்கு. ஸ்காட்லாந்தோட எடின்பரோ தாவரவியல் தோட்டத்துக்கு 2003ல ஒரு கிழங்கு வந்துச்சு, அப்ப அது ஆரஞ்சு சைஸ்தான், ஏழு வருஷம் கழிச்சு 2010ல தொட்டி மாத்துறப்ப எடை போட்டா 153.9 கிலோ! அதுக்கு முன்னாடி பேர் வாங்கின ஜெர்மனியோட பான் நகரத்துக் கிழங்கு 117 கிலோதான். ஒரு ஆரஞ்சு 200 கிராம்னு வெச்சா எடின்பரோ கிழங்கு கிட்டத்தட்ட 770 ஆரஞ்சு ஆச்சேன்னு உங்க ஆளுங்க உடனே கணக்கு போட்டுடுவாங்க, போடட்டும், ஆனா "ஆரஞ்சு சைஸ்"ங்கிறது பருமன், "770 ஆரஞ்சு"ங்கிறது எடை, ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டக்கூடாது.

என்னைக் கேட்டா கிலோதான். இலை முழுசா காய்ஞ்சு விழுந்து கிழங்கு தூங்குற நேரத்துல, மண்ணை உதிர்த்துட்டு, காய்ஞ்ச வேரை எடுத்துட்டு தராசுல வைங்க. பச்சை இலை நிக்கிறப்ப எடை பார்க்கிறேன்னு தோண்டிடாதீங்க, ஒரே ஒரு இலைதான் வரும், அந்த ஒத்தை இலை மரம் மாதிரி 6 மீட்டர் உசரம் கூட நிக்கும், கிழங்குக்குச் சோறு போடுறதே அதுதான்.

கேள்வி: கிழங்கு குண்டானா சீக்கிரம் பூத்துடுமா?

பதில்: பூக்கிறதுக்கு வேண்டிய தெம்பு சேர்ந்திருக்குன்னு வேணா சொல்லலாம், தேதி சொல்லாது. 2010லயே 153.9 கிலோ இருந்த அந்த எடின்பரோ கிழங்கு மொதத்தடவை பூத்தது 2015லதான். அவ்ளோ வருஷம் சேர்த்து வெச்சுட்டு விரிஞ்சு நிக்கிறது ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள்.

கேள்வி: பூத்தப்புறம் அதோட உசரத்தை எங்கேருந்து அளக்கணும்? எங்க நண்பர் தொட்டியையும் சேர்த்துக்கிறார்.

பதில்: அப்படின்னா மாடியில வெச்சா உலக சாதனையே பண்ணிடலாமே! தொட்டிக்கு மார்க் கிடையாது, நண்பர்கிட்ட சொல்லிடுங்க. மண் மட்டத்துலேருந்து நடுத்தண்டோட நுனி வரைக்கும், அவ்வளவுதான். அப்படி அளந்தே 3 மீட்டரைத் தாண்டினதெல்லாம் உண்டு. வேகமா ஏறுற நாட்கள்ல ஒரு நாளைக்கு 10 சென்டிமீட்டர் கூட ஏறும், அதனால அளந்த தேதியோட நேரத்தையும் எழுதி வைங்க, இல்லன்னா காலைல அளந்தவருக்கும் ராத்திரி அளந்தவருக்கும் சண்டைதான். இன்னொண்ணு, "உலகத்துலயே பெரிய பூ"ன்னு இதைச் சொல்லாதீங்க, இது நூத்துக்கணக்கான குட்டிப் பூக்கள் அடியில ஒளிஞ்சிருக்கிற கொத்து. தனிப்பூன்னா பட்டம் ரஃப்லீசியாவுக்குத்தான், அதுவும் சுமத்ராக்காரிதான்.

கேள்வி: நாத்தத்துக்கு யூனிட்?

பதில்: எத்தனை அடி தள்ளி மூக்கைப் பொத்தினீங்களோ அதுதான், ஆனா ராத்திரியில அளக்கணும். அப்பதான் நடுத்தண்டு நம்ம உடம்பு அளவுக்குச் சூடாகி, அழுகின மாமிச வாடையை அலை அலையா கிளப்பும், வண்டும் ஈயும் தேடி வரணுமே. பகல்ல வந்து மோந்துட்டு "இவ்வளவுதானா"ன்னு கேக்கிறவங்க அளவு செல்லாது.