ரம்பத்துக்குப் பிறகுதான் ஆபத்து

கே: நெப்போலியன் போர்க்காலத்தில் மயக்கமருந்து இல்லாமல் தொடையோடு காலை வெட்டி எடுத்தது எப்படி? பிழைத்தவர்கள் உண்டா?

ப: உண்டு. வேகம் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. ரம், அபினிக் கரைசல் கொடுத்தாலும் நினைவு தப்பாது. (ஈதர் என்னும் மயக்கமருந்து வந்தது 1846-இல்.) முதலில் திருகு வைத்த பட்டையை இறுக்கித் தொடைத் தமனியை அமுக்குவார்கள். தோலைச் சுற்றி அறுத்து மேலே இழுத்து, அந்த விளிம்பில் தசையை எலும்புவரை அறுப்பார்கள். பிளந்த துணியால் தசையை மேலே ஒதுக்கிய பிறகே ரம்பம். எலும்பைத் தசையைவிட உயரத்தில் அறுக்காவிட்டால் முனை துருத்தும், புண் மூடாது. உதவியாள் காலைத் தூக்கினால் ரம்பம் சிக்கும். தாழவிட்டால் எலும்பு பிளக்கும்.

அடுத்து, தமனிகளைக் கொக்கியால் இழுத்து மெழுகு நூலால் கட்டுவார்கள். நூல் முனையைப் புண்ணுக்கு வெளியே தொங்கவிடுவது வழக்கம். சில வாரங்களில் கட்டிய இடம் அழுகி நூல் கழன்று வரும். அவசரப்பட்டு இழுத்தாலோ, சீழ் தமனியை அரித்தாலோ ரத்தம் பீறிடும். கத்தியையும் கையையும் கிருமி நீக்கும் வழக்கமே அன்று இல்லை. எனவே பலரைக் கொன்றது ரம்பமல்ல, சீழ்தான்.

காயம்பட்ட 24 மணி நேரத்துக்குள் வெட்டிவிட வேண்டும் என்று பிரெஞ்சுப் படை மருத்துவர் லாரே வற்புறுத்தியதும் இதனால்தான். 1812-இல் ரஷ்யாவில் நடந்த போரோடினோ போரில் ஒரே நாளில் சுமார் 200 உறுப்புகளை அவர் அகற்றினார்.