பேரன் தொடையில் பிரம்புத் தழும்பு

கேள்வி: மகனும் மருமகளும் சிங்கப்பூரில். ஆறாவது படிக்கும் பேரன் என்னிடம்தான் வளர்கிறான். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று வாத்தியார் பிரம்பால் விளாசியதில் தொடை கோடு கோடாகக் கன்றிப்போயிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கேட்கப் போனால், 'நாங்க வாங்காத அடியா ஆச்சி?' என்று சிரிக்கிறார்கள். என்ன செய்ய?
- ஓர் ஆச்சி, காரைக்குடி

பதில்: அவர்கள் வாங்கினார்கள் என்பதற்காகப் பேரனும் வாங்க வேண்டுமா என்ன! 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்கிறது, தனியார் பள்ளியானாலும் சரி.

தழும்பு மறைவதற்குள் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டையும் வாங்கி வையுங்கள். அப்புறம், முகப்பில் வந்து போகிறவர்கள் முன்னால் எல்லாம் பையனை 'காட்டுடா, சொல்லுடா' என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள் ஆச்சி, உள்ளே வளவில் உட்காரவைத்து ஒரு தடவை கேட்டு, அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டால் போதும்.

தலைமையாசிரியரிடம் புகாரை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். அசையவில்லையென்றால் சிவகங்கையில் முதன்மைக் கல்வி அலுவலர் இருக்கிறார். 1098 குழந்தைகள் உதவி எண், 14417 பள்ளிக்கல்வித் துறையின் எண். காயம் பலமென்றால் போலீசுக்கே போகலாம்.

'டி.சி. கொடுத்துவிடுவோம்' என்று மிரட்டினால் பயப்படாதீர்கள், எட்டாவது முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற அதே சட்டத்தில் இடமில்லை.